அடிக்கடி வெட்ட வேண்டாத புல்தரை: கோரமண்டல் மண்ணுக்கு எது பொருந்தும்?

ஒரு புல்தரையை வாரம் இருமுறை வெட்ட வேண்டுமா, மாதம் ஒருமுறை வெட்டினால் போதுமா என்பது வெட்டும் மிஷினைப் பொறுத்த விஷயம் அல்ல. எந்தப் புல் போடப்பட்டது, அதற்கு எவ்வளவு தண்ணீர் விடப்படுகிறது, எவ்வளவு தழைச்சத்து கிடைக்கிறது, எந்த உயரத்தில் நிறுத்தி வைக்கப்படுகிறது என்ற நான்கும் சேர்ந்து அதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. இவற்றுள் முதல் விஷயம் ஒரு தடவை எடுக்கும் முடிவு. மற்ற மூன்றும் பழக்கம். பழக்கத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். புல்லை மாற்ற வேண்டுமென்றால் தரையையே கொத்திப் போட வேண்டும்.

கோலார் தங்கவயலின் கோரமண்டல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ள பகுதி. செம்மண், அதிலும் மணல் கலந்தது. தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், சத்தும் அதோடு இறங்கும். ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும்பங்கு ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை விழுந்துவிடும். வற்றாத ஆறு எதுவும் கோலார் மாவட்டத்தில் கிடையாது. சுரங்கக் கம்பெனி இருந்த காலத்தில் பாலாற்றின் பேத்தமங்கலா நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. அதிகாரிகளின் பங்களாக்களைச் சுற்றி இங்கிலாந்துப் பாணித் தோட்டங்கள் இருந்தன. அவற்றைப் பராமரிக்கத் தோட்டக்காரர்களும் இருந்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்தத் தண்ணீரும் ஆள்பலமும் போயின. இன்று மாவட்டத்தில் ஆழ்குழாய்க் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியும் போகிறது. இந்த ஊரில் வீட்டு முன் ஒரு பச்சைத் தரை வேண்டுமென்று நினைப்பவர் அந்தக் காலத்துப் பங்களாவைப் பார்த்துத் திட்டம் போடுவது வீண். அது வேறு கணக்கில் நடந்த தோட்டம்.

புல் வெட்டப்பட்டும் சாகாததற்குக் காரணம், அதன் வளரும் இடம் நுனியில் இல்லாமல் அடியில் இருப்பதுதான். மாடு மேய்ந்தாலும் கத்தி பட்டாலும் போவது முதிர்ந்த நுனி. இளம் திசு தரையை ஒட்டிப் பத்திரமாக இருக்கும். நம் பக்கத்துத் தரைப் புற்கள் எல்லாமே வெப்பப் பிரதேச வகை. 27 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்றாக வளரும், 15 டிகிரிக்குக் கீழே போனால் சோம்பிவிடும். கோரமண்டலில் சித்திரை, வைகாசியில் வெப்பம் இருக்கும், ஈரம் போதாது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் புல்லை நிறுத்தி வைக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து கிடைப்பது ஆடிக்குப் பிறகுதான். ஆகவே ஆண்டு முழுவதும் ஒரே இடைவெளியில், ஞாயிற்றுக்கிழமை என்றால் வெட்டு என்று வைத்துக்கொள்வது இந்த ஊருக்குப் பொருந்தாது. மே மாதம் முழுவதும் புல்லை வெட்டாமல் விடுங்கள் என்று பிரிட்டனில் பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு 2019 முதல் இயக்கம் நடத்துகிறது. கோலாரில் மே மாதம் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது?

இனி புல் வகைகள். நர்சரியில் சொல்லும் பெயரை நம்பி வாங்குவது ஆபத்து. ஒரு கடையில் மெக்சிகன் என்பது இன்னொரு கடையில் கொரியன் ஆகிவிடும். ஆகவே புல்லைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது. அருகம்புல்லின் கதிர் கை விரல்களை விரித்தாற்போல் மூன்று முதல் ஆறு கிளையாக இருக்கும். சாய்சியா இனத்துப் புல்லின் இலை விறைப்பாக இருக்கும், கதிர் ஒற்றையாகக் குட்டையாக நிற்கும். பஃபல்லோ என்று விற்கும் புல்லின் இலை அகலமானது, நுனி படகு முனை போல மழுங்கியிருக்கும்.

அருகு இந்த மண்ணின் புல். பெர்முடா என்று உலகம் அழைப்பதும் இதே இனம்தான். தரைக்கு மேலே ஓடும் தண்டு, தரைக்குக் கீழே ஓடும் தண்டு இரண்டும் உண்டு. கோடையில் கருகி வைக்கோலாகத் தெரிந்தாலும் முதல் மழையில் எழுந்துவிடும். மிதி தாங்கும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் கழிவு மணல் பறக்காமல் கட்ட 1960களிலிருந்து பெரிய அளவில் புல் வளர்த்தார்கள். அங்கே பயன்பட்ட புற்களில் இதுவும் ஒன்று. செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை, வேலி ஓரத்திலிருந்து பிடுங்கி வந்தே நடலாம். ஆனால் இரண்டு குறை. நிழல் ஆகாது, குறைந்தது ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மழைக்காலத்தில் வேகமாக வளரும், இலை அதிகம் வளராத நாளிலும் கதிரை நீட்டிவிடும். தரை கலைந்து தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கதிர்தான்.

கதிர் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்குக் கலப்பின பெர்முடா இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்வே 1960இலும், டிஃப்டுவார்ஃப் 1965இலும் வெளிவந்தன. இவை விதை பிடிக்காத மலட்டு வகைகள், வேர்த்தண்டு வைத்தே பெருக்க வேண்டும். நர்சரிக்காரர் இதைக் குட்டைப் புல் என்று சொல்லி விற்பார். குட்டைப் புல் என்றால் வெட்டு குறையும் என்று வாங்குபவர் எடுத்துக்கொள்வார். நிலைமை நேர்மாறு. கோல்ஃப் மைதானங்களில் அடிக்கடி ஒட்ட வெட்டப்படுவதற்காக உருவான புல் இது. உயரமாக விட்டால் மெத்தைபோல் உப்பி, அடியில் பழுப்பேறி, ஒருநாள் வெட்டும்போது பொட்டலாகிவிடும். வீட்டுத் தரைக்கு இது தேவையற்ற செலவு.

குறைவாக வெட்டுவதுதான் நோக்கம் என்றால், வெயில் விழும் இடத்துக்கு முதல் தேர்வு சாய்சியா. இதில் மூன்று வகை புழக்கத்தில் உண்டு. மிக மெல்லிய ஊசி இலை கொண்டது, கொரியன் கார்ப்பெட் என்று விற்பது, ஆண்டில் ஓரிரு முறை வெட்டினாலும் போதும். வெட்டாமலே விட்டால் திட்டுத் திட்டாகப் புடைத்து மேடும் பள்ளமுமாக எழும். ஜப்பானியத் தோட்டம்போல் அதை ரசிப்பவர்கள் உண்டு, நாற்காலி போட்டு உட்கார நினைப்பவருக்கு அது உதவாது. அகல இலை கொண்ட ஜப்பான் வகை சற்றே முரடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மணிலாப் புல். தெற்காசியக் கடற்கரை மணலில் இயல்பாகவே வளரும் இனம் இது. மணல் கலந்த மண், உப்புத் தண்ணீர், ஓரளவு நிழல் மூன்றையும் பொறுக்கும். நல்ல மழைக்காலத்திலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு வெட்டு போதும். மற்ற மாதங்களில் அதற்கும் வேலை இல்லை. இதன் விலை பொறுமை. அருகு இரண்டு மாதத்தில் மூடும் இடத்தை மணிலாப் புல் மூட ஓர் ஆண்டு, சில சமயம் இரண்டு மழைக்காலம் எடுத்துக்கொள்ளும். அடை அடையாக வாங்கிப் பரப்பினால் காத்திருக்க வேண்டாம், ஆனால் காசு ஏறும். மெதுவாக வளரும் புல்லை அவசரமாக விரும்புவதற்கு அதுதான் கட்டணம்.

அடர்ந்த மர நிழலில் இவை எதுவும் சரிப்படாது. கோரமண்டல் பக்கத்துப் பழைய வளாகங்களில் மரங்கள் பெரியவை. அந்த நிழலுக்குப் பஃபல்லோ ஒரு வழி. ஆறு முதல் ஒன்பது சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கப்படும் புல் என்பதால் வெட்டு தானாகவே குறையும். ஆனால் தண்ணீர் கேட்கும். இன்னொன்று அகல இலைக் கார்ப்பெட் புல், ஈரமான அமில மண்ணில் தானே படரும். சிங்கப்பூரின் சாலையோரப் பச்சை பெரும்பாலும் இதுதான், அங்கே இதை மாட்டுப் புல் என்பார்கள். 2020இல் கோவிட் கட்டுப்பாட்டின்போது அங்கே புல்வெட்டு சில வாரம் நின்றது. ஓரங்களில் காட்டுப் பூக்களும் பட்டாம்பூச்சிகளும் வந்ததை மக்கள் வியந்து படம் எடுத்துப் போட்டார்கள். கோலாரின் வறட்சியில் இந்தப் புல் தண்ணீர் விடாமல் நிற்காது. தைலமரத்தின் அடியில் எந்தப் புல்லையும் முயலாமல் இருப்பதே மேல். வேர் ஈரத்தை இழுத்துவிடும், உதிரும் இலை முளைப்பைக் கெடுக்கும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஊட்டிக்குப் போனவர்கள் மலைச்சரிவில் அடர்ந்த கிக்கியூ புல்லைப் பார்த்து மயங்குவது வழக்கம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நீலகிரியின் சோலைப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் புல் அது. தண்ணீர் கிடைத்தால் வேலி தாண்டும், வாரம் இருமுறை வெட்டினாலும் அடங்காது. மற்றது பாஹியா. வறட்சிக்கு அசையாது, உரமும் கேட்காது, காகிதத்தில் பார்த்தால் கோலாருக்கென்றே பிறந்த புல். ஆனால் கவட்டை வடிவக் கதிர்த்தண்டை முழங்கால் உயரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். இலைக்காக இல்லாமல் கதிருக்காக வெட்டிக்கொண்டிருக்க நேரும்.

எல்லா இடத்துக்கும் புல்தான் வேண்டுமா என்ற கேள்வியை இங்கே கேட்டுவிடலாம். நடக்கவும் உட்காரவும் பிள்ளைகள் விளையாடவும் தேவையான இடம் வீட்டு முன் வெளியில் பாதி கூட இருக்காது. சுவர் ஓரம், சரிவு, மரத்தைச் சுற்றிய வட்டம் ஆகியவைதாம் வெட்டுவதற்குத் தொல்லை கொடுக்கும் இடங்கள், அங்கே யாரும் நடப்பதும் இல்லை. பொடுதலை அந்த இடத்துக்கு ஏற்ற செடி. குளத்தங்கரையிலும் வரப்பிலும் படரும் இதைப் பொடுகுக்கு மருந்தாகத் தமிழ் வீடுகள் அறியும். கணுவுக்குக் கணு வேர் விட்டு விரல் உயரத்தில் பாய் விரிக்கும், வெட்டவே தேவையில்லை. கலிஃபோர்னியாவில் லிப்பியா என்ற பெயரில் புல்தரைக்கு மாற்றாக நட்டார்கள். ஜப்பானில் இதிலிருந்து விதை பிடிக்காத ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து குராபியா என்று விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஆற்றுப்படுகைகளில் இது பெருங்களை. நம் ஊரில் நம் செடிதான், அந்தப் பயம் வேண்டாம். பூக்கும்போது தேனீ நிறைய வரும், வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் இடத்தில் மட்டும் வைக்காமல் இருப்பது நல்லது.

புல்லைத் தேர்ந்த பிறகு உயரம். ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது உலகெங்கும் தரை வளர்ப்போர் கைக்கொள்ளும் விதி. அதற்கு மேல் எடுத்தால் வேர் வளர்ச்சி நிற்கும், புல் சேமித்த சத்தைச் செலவழித்து அவசரமாகத் தழைக்கும். இந்த விதியிலிருந்தே ஒரு கணக்கு வரும். மழைநாளில் புல் ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் வளர்வதாக வைத்துக்கொள்வோம். 2 சென்டிமீட்டரில் நிறுத்தும் தரை 3 ஆனதும் வெட்டப்பட வேண்டும், அதாவது மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை. 4 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 6 வரை பொறுக்கலாம், ஏறத்தாழ வாரம் ஒரு முறை. 6 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 9 வரை, பத்து நாளுக்கு ஒன்று. புல்லும் மண்ணும் அதேதான், கத்தியின் உயரம் மட்டுமே மாறியிருக்கிறது. உயரமான இலை தரைக்கு நிழல் கொடுத்து ஈரத்தைக் காக்கும், களை விதையை முளைக்க விடாது என்பது கூடுதல் லாபம். சாதாரண அருகை 4 முதல் 5 சென்டிமீட்டரிலும், மணிலாவை அதே அளவிலும் வைக்கலாம். அருகை அதற்கு மேல் உயர்த்தினால் இலை மேலே போய் அடியில் வெறும் குச்சி மிஞ்சும்.

ஒட்ட வெட்டச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் பாம்பு. தங்கவயல் பகுதியில் அது வெறும் கற்பனைப் பயம் அல்ல, கைவிடப்பட்ட கட்டடங்களும் கல் குவியல்களும் புதரும் நிறைந்த ஊர். ஆனால் நான்கு விரல் உயரப் புல்லில் பாம்பு எளிதில் மறைய முடியாது. அது பெரும்பாலும் மறைவது முழங்கால் உயரப் புதரிலும், அடுக்கி வைத்த செங்கல்லிலும், எலி வளையிலும். தரையை மொட்டையடிப்பதைவிட அந்த மூலைகளைச் சுத்தம் செய்வதும், நடைபாதையை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்தை மட்டும் குட்டையாக வைத்துக்கொள்வதும் பலன் தரும்.

அடிக்கடி வெட்ட வைக்கும் இன்னொரு பேர்வழி கோரை. புல் ஒரு விரல் வளர்வதற்குள் கோரை இரண்டு விரல் வளர்ந்து தலை நீட்டும். தரை சமமாக இல்லையே என்று மொத்தத்தையும் வெட்டுவார்கள், மூன்றாம் நாள் கோரை திரும்ப நிற்கும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை வெட்டுவதால் பயனில்லை. தரை போடும் முன்பே நிலத்தைக் கொத்தித் தண்ணீர் விட்டு, முளைத்ததைக் கிழங்கோடு எடுத்து, மறுபடி தண்ணீர் விட்டு எடுப்பது சலிப்பான வேலைதான். இரண்டு மூன்று சுற்று செய்துவிட்டால் பின்னால் வரும் ஆண்டுகளின் வெட்டு பாதியாகக் குறையும். போட்ட தரையில் கோரை வந்துவிட்டால் ஹாலோசல்ஃப்யூரான் என்ற களைக்கொல்லி அருகையும் சாய்சியாவையும் விட்டுவிட்டுக் கோரையை அடக்கும்.

உர விஷயத்தில் கைநீளம் கூடாது. யூரியா போட்டால் ஒரு வாரத்தில் கரும்பச்சை வரும், அதோடு வெட்டும் வேலையும் வரும். சாதாரண அருகுக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து போதும். நூறு சதுர மீட்டர் தரைக்கு அது ஒரு கிலோவுக்குச் சற்று மேலான யூரியா, அதையும் இரண்டாகப் பிரித்துப் போடலாம். அழகு குறையாமல் வைத்திருக்கும் கலப்பினத் தரை இதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கேட்கும். வெட்டிய புல்லை வாரிக் குப்பையில் கொட்டாமல் அங்கேயே விட்டால் தேவையில் கால் பங்கு வரை அதுவே கொடுத்துவிடும். வெட்டிய புல் அழுகி மெத்தை படியும் என்ற பயம் பரவலாக உண்டு. இலைத்துண்டில் பெரும்பகுதி தண்ணீர், சில நாளில் மக்கிவிடும். மெத்தை படிவது ஓடும் தண்டும் வேரும் மக்காமல் சேர்வதால், அதற்கும் அதிக உரமே காரணம். சாய்சியாவில் இது அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை இரும்பு வாரியால் கீறிவிட்டு, மக்கிய எருவும் மணலும் கலந்து மெல்லத் தூவினால் சரியாகும். அந்த மணலுக்காகச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மலைப் பக்கம் போக வேண்டாம். சயனைடு வெயிலில் பெரும்பாலும் சிதைந்துபோகும். ஆனால் அந்தக் கழிவில் உள்ள கந்தகத் தாதுக்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும், உலோகங்களும் அதில் உண்டு. புல்லுக்கும் ஆகாது, பிள்ளைகள் புரளும் இடத்துக்கு ஆகவே ஆகாது.

தண்ணீரும் அப்படித்தான். தினமும் மாலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது மனத்துக்கு இதம். வேரை மேலேயே நிற்க வைத்து, இலையை இடைவிடாமல் வளர்க்கும் வழியும் அதுவே. மழை இல்லாத நாளில் பத்து நாளுக்கு ஒரு முறை, ஆழமாக. சதுர மீட்டருக்கு 25 லிட்டர், நூறு சதுர மீட்டருக்கு 2,500 லிட்டர். டேங்கர் தண்ணீர் விலைக்கு வாங்கும் வீடு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தரையின் அளவை முடிவு செய்ய வேண்டும். அருகு போட்டவர் கோடையில் தண்ணீரையே நிறுத்திவிடலாம். பங்குனியில் பழுப்பாகும், மழையில் பச்சையாகும், இடையில் வெட்டு கிடையாது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் பட்டிங் 1830இல் காப்புரிமை வாங்கிய உருளைக் கத்தி மிஷின்தான் இன்றும் சிறு தரைக்கு மிக நேர்த்தியாக வெட்டுவது. கத்தரிபோல் நறுக்கும், கையால் தள்ளினால் போதும். சாய்சியாவின் விறைத்த இலை கத்தியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், ஆண்டுக்கு ஒருமுறையாவது சாணை பிடிக்க வேண்டும். கூலிக்கு வருபவர்கள் கொண்டுவரும் பிரஷ் கட்டர் புதருக்கானது. அதன் நைலான் கயிறு இலையை வெட்டாமல் பிய்க்கும், நுனி வெளுக்கும், கை சற்றுத் தாழ்ந்தால் தரை வழித்தெடுத்ததுபோல் ஆகும். வளர்ச்சியை அடக்கும் ட்ரைனெக்ஸாபேக் போன்ற மருந்துகளைக் கோல்ஃப் மைதானங்கள் தெளிக்கின்றன. ஜிப்பெரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் புல்லில் சுரப்பதைத் தடுத்துச் சில வாரம் குட்டையாக வைக்கும். வீட்டுக்கு அது தேவையில்லை, யூரியாவைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.

தரை போடும் காலம் ஆனியும் ஆடியும். வேர்த்தண்டை நறுக்கிச் சாணக் குழம்பில் கலந்து நிலத்தில் மெழுகுவது பழைய முறை, அருகுக்கு நன்றாகப் பிடிக்கும். சாய்சியாவைச் சிறு கொத்தாக நான்கு விரற்கிடை விட்டு நட வேண்டும். ஆடியில் நட்ட அருகு புரட்டாசிக்குள் மூடிவிடும். ஐப்பசிக்குப் பிறகு நட்டது குளிரில் நின்ற இடத்திலேயே நிற்கும், மறுபடி நகர்வது அடுத்த கோடை மழைக்குத்தான்.